படகு ஓடுதோ?

நெடுந்தீவும் ‘குமுதினி’யும்: ஒரு தீவின் கடல்வழி நினைவுகள்

விடிவதற்கு முன்பே நெடுந்தீவின் மாவிலித்துறையில் சைக்கிள்கள் வந்து சாயத் தொடங்கிவிடும். பூட்டுப் போட்டவர்கள் குறைவு. கால் கட்டிய ஆட்டுக்கடா ஒன்று இறங்குதுறைச் சீமெந்தில் படுத்தபடி ஓயாமல் கத்தும். ஒடியல் மூட்டைக்குப் பக்கத்தில் கருவாட்டுக் கடகம். துவாய்க்குள் சுருண்ட கைக்குழந்தைக்கு இரவெல்லாம் காய்ச்சல். எக்ஸ்ரே உறையை மடங்காமல் நெஞ்சோடு அணைத்தபடி ஒரு முதியவர் நிற்பார். இரண்டு மாதத்துக்கு முன் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில் கொடுத்த திகதி அன்றைக்கு.

எல்லாருடைய கண்ணும் தண்ணீரைத்தான் பார்க்கும். அலையின் தலை வெள்ளையாக உடைகிறதா என்று பார்ப்பார்கள். உடைந்தால் காற்று ஏறிவிட்டது என்று அர்த்தம்.

பிறகு இயந்திரம் உயிர்பெறும். முதலில் ஓர் இருமல், அடுத்துக் கறுப்புப் புகை, அதன்பின் பலகை முழுக்க ஓடும் நடுக்கம். அந்த நடுக்கம் உள்ளங்காலில் ஏறும்போதுதான் ‘இன்றைக்குப் போகிறோம்’ என்று சனத்துக்கு நம்பிக்கை வரும். “கீழ இறங்குங்கோ பிள்ளையள், சோளகக் காத்து கிளம்பீட்டுது” என்று படகுக்காரர் கத்த, பெண்கள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு படகின் வயிற்றுக்குள் படியிறங்குவார்கள்.

அந்தப் படகின் பெயர் குமுதினி. ஆம்பல் பூவின் பெயர். எனக்குத் தெரிந்த முதல் வாகனம் அதுதான். பஸ்ஸில் ஏறியதும் ரயிலைப் பார்த்ததும் அதற்குப் பிறகுதான்.

செய்தியில் வரும் ஊர்

‘நெடுந்தீவு அருகே தமிழக மீனவர்கள் கைது.’ தமிழ்நாட்டுப் பத்திரிகைகளில் இந்தத் தலைப்பைப் பார்க்காத மாதம் அரிது. முப்பது வருடமாகச் சென்னையில் இருக்கிறேன். சொந்த ஊர் நெடுந்தீவு என்றால், “ஓ, மீனவர்களைப் பிடிக்கிற இடமா?” என்றுதான் கேட்கிறார்கள். கேட்பவர்கள்மேல் தவறில்லை. அங்கே சனம் இருக்கிறது, பள்ளிக்கூடம் இருக்கிறது, பிரசவ வலி எடுக்கும் பெண்கள் இருக்கிறார்கள் என்று அந்தத் தலைப்புகள் சொல்வதே இல்லை.

இப்போது பாக்கு நீரிணையில் கப்பல் பேச்சு மீண்டும் சூடாக இருக்கிறது. 2023 அக்டோபர் 14 அன்று நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு ‘செரியபாணி’ புறப்பட்டது. சில நாட்களிலேயே பருவமழையைக் காரணம் காட்டி நிறுத்தப்பட்டது. 2024 ஆகஸ்ட் 16 அன்று ‘சிவகங்கை’ வந்து விட்ட இடத்திலிருந்து தொடங்கியது. சுமார் 110 கிலோமீட்டர், நான்கு மணி நேரம். இரு கரையிலும் உறவுகள் உள்ள என்னைப் போன்றவர்களுக்கு அது நெஞ்சு நிறைந்த நாள். ஆனால் அதே கடலில், ஒரு மணி நேரப் பயணத்துக்காகத் தினமும் விடியலில் காத்து நிற்கும் ஒரு சனக்கூட்டத்தைப் பற்றி எழுதுவதற்கும் இதுதான் வேளை. அவர்களுக்குக் கப்பல் உறவுப் பாலமோ சுற்றுலாத் திட்டமோ அல்ல. அரிசியும் மருந்தும் அதில்தான் வரவேண்டும்.

வீதி முடியும் இடம்

யாழ்ப்பாணப் பட்டினத்தில் 776 இலக்க பஸ் ஏறினால் பண்ணைக் கடலுக்குமேல் போட்ட வீதியான தாம்போதி வழியாக வேலணை வரும். அங்கிருந்து இன்னொரு தாம்போதி, பிறகு புங்குடுதீவு. கைவிடப்பட்ட கல்வீடுகளும் தலையில்லாத பனைகளும் இருபுறமும் ஓட, கடைசியில் குறிகட்டுவான். அங்கே வீதி கடலுக்குள் நீட்டிக்கொண்டு நின்றுவிடும். வலது பக்கம் நயினாதீவின் நாகபூசணி அம்மன் கோபுரம் தெரியும், கால் மணி நேரத்தில் போய்விடலாம். நெடுந்தீவு அங்கிருந்து கண்ணுக்குத் தெரியாது. அது தட்டையான தீவு. பாதிக் கடல் கடந்த பிறகுதான் பனைத்தலைகள் தண்ணீரில் மிதப்பதுபோல வரும்.

நெடுந்தீவுக்கான அரசுப் படகை நடத்துவது வீதி அபிவிருத்தி அதிகார சபை. தார் போடுகிறவர்களும் பாலம் கட்டுகிறவர்களும்தான் இந்தப் படகையும் ஓட்ட வேண்டியவர்கள். துறைமுகத்துக்கோ மீன்பிடிக்கோ போகாமல் இது வீதிக்காரரிடம் போனதை நான் சரியான முடிவாகவே நினைக்கிறேன். குறிகட்டுவானில் நிற்கும் வீதி மாவிலித்துறையில் மறுபடி தொடங்குகிறது, நடுவில் இருப்பதும் வீதிதான் என்று காகிதத்திலாவது ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

ஆனால் காகிதத்தில்தான். ஒரு நெடுஞ்சாலையில் பள்ளம் விழுந்தால் மாற்றுப் பாதை போடுவார்கள். படகின் இயந்திரம் பழுதானால் நெடுந்தீவுக்கு மாற்றுப் பாதை கிடையாது. தனியார் வள்ளங்கள் உண்டு. கூட்டம் ஏறும், காசும் ஏறும். ‘நாளைக்குத் திருத்தி முடியும்’ என்பார்கள். அந்த நாளை வாரமாகும், மாதமாகும்.

■ தீவைத் தெரிந்துகொள்ள

யாழ்ப்பாணத் தீவுக்கூட்டத்தில், மக்கள் வாழும் தீவுகளில் மேற்குக் கடைசியில் இருப்பது நெடுந்தீவு. பரப்பு ஏறக்குறைய 50 சதுர கிலோமீட்டர். 2012 கணக்கெடுப்பில் மக்கள் தொகை நாலாயிரத்தை ஒட்டி நின்றது. ஒல்லாந்தர் தீவுகளுக்குத் தங்கள் ஊர்ப் பெயர்களைச் சூட்டினார்கள். வேலணை ‘லைடன்’ ஆனது, நெடுந்தீவு ‘டெல்ஃப்ட்’ ஆனது. ஆங்கில வரைபடங்களில் இன்றும் டெல்ஃப்ட்தான். முருகைக்கல்லை ஒன்றின்மேல் ஒன்று அடுக்கி, சாந்து இல்லாமல் எழுப்பிய வேலிகள், ஐரோப்பியர் காலத்தில் வந்து இன்று கட்டாக்காலியாகத் திரியும் குதிரைகள், ஒல்லாந்தர் கோட்டையின் இடிபாடு, உள்ளே ஆட்கள் நிற்கக்கூடிய பெருக்கமரம் (பாவோபாப்), வெடியரசன் கோட்டை என்று ஊர் சொல்லும் கல்மேடு ஆகியவை பார்க்க வருபவர்களை இழுக்கின்றன. கச்சதீவு நிர்வாகத்தில் நெடுந்தீவுப் பிரதேச செயலகத்தின் கீழ் வருகிறது. அந்தோனியார் திருவிழாவுக்கு இராமேசுவரத்திலிருந்தும் நெடுந்தீவிலிருந்தும் போகும் படகுகள் அங்கேதான் சந்திக்கின்றன.

தேசிக்காய் மணக்கும் பயணம்

குமுதினியைப் பற்றி நெடுந்தீவார் யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும் முதலில் மூக்குத்தான் நினைவுகொள்ளும். டீசல், நனைந்த கயிறு, ஆட்டு மூத்திரம், கருவாடு, இவை எல்லாவற்றுக்கும் மேலாகத் தேசிக்காய். தமிழ்நாட்டில் எலுமிச்சை. என் அம்மம்மா ஒரு தேசிக்காயை நகத்தால் கீறி என் கைக்குள் வைத்து மூடிவிடுவா. “மணந்துகொண்டிரு மோனை, சத்தி வராது.” வாந்திக்கு எங்கள் ஊரில் சத்தி என்று பெயர். கரையேறும்வரை அந்தக் கையைத் திறக்க மாட்டேன். பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் நடக்கும்போதும் உள்ளங்கையில் அந்தக் கசப்பு மணம் இருக்கும்.

படகின் வயிற்றுக்குள் மரப்பலகை இருக்கைகள். நடுவில் இயந்திரம். அதன் சூட்டில் முதுகைக் கொடுத்துக்கொண்டு கிழவிமார் உறங்கிவிடுவார்கள். அலை ஒன்று பக்கவாட்டில் அடித்தால் மேல்தட்டில் கட்டியிருக்கும் சைக்கிள்களின் மணிகள் எல்லாம் ஒரே சமயத்தில் கிணுங்கும். அந்தச் சத்தம் கேட்டதும் யாராவது ஒருவர் “அம்மாளாச்சி” என்பார், இன்னொருவர் “அந்தோனியாரே” என்பார். தீவில் சைவமும் கத்தோலிக்கமும் அடுத்தடுத்த வளவில் வாழ்கின்றன. படகில் அவை ஒரே பலகையில் உட்கார்ந்தன.

கலியாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்ததும் அதில்தான். பட்டுவேட்டி நனையாமல் இருக்கச் சாக்கை விரித்து மாப்பிள்ளையை உட்காரவைத்தார்கள். யாழ்ப்பாணத்தில் இறந்தவரின் பெட்டி ஊருக்குத் திரும்பியதும் அதில்தான். அப்போது மேல்தட்டை ஒதுக்கிக் கொடுத்துவிட்டு, எவ்வளவு காற்றானாலும் ஆட்கள் கீழே நெருங்கி நிற்பார்கள். ஒருவரும் சொல்லிக் கொடுத்த ஒழுங்கல்ல அது.

பெரியவர்களின் நினைவில் படகுக்காரர்களுக்கும் பெரிய இடம் உண்டு. அவர்கள் அரசாங்கச் சம்பளக்காரர்கள். ஆனால் யார் வீட்டில் யார் நோயாளி, யார் மகள் சோதனை எழுதுகிறாள் என்று அவர்களுக்குத் தெரியும். ஓடிவரும் சைக்கிள் ஒன்று தூரத்தில் தெரிந்தால் கட்டிய கயிற்றை அவிழ்க்காமல் வைத்திருப்பார்கள். யாழ்ப்பாணத்து மருந்துக் கடையில் மருந்துத் துண்டைக் கொடுத்து வாங்கி வரும்படி படகுக்காரரிடம் கேட்பது வழக்கம். மாலைக்குள் மருந்து வீடு வந்து சேரும்.

1985 மே 15

இந்தப் பகுதியை எழுதாமல் குமுதினியைப் பற்றி எழுத முடியாது.

அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. யாழ்ப்பாணத்தில் பெரியம்மா வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். முதல் நாள் அனுராதபுரத்தில் சிங்களப் பொதுமக்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் விடுதலைப் புலிகளால் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார்கள். நாடு முழுக்கப் பழிக்குப் பயந்திருந்தது. அன்று காலை வழக்கம்போல நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானை நோக்கி குமுதினி புறப்பட்டது. பெண்கள், பிள்ளைகள், முதியவர்கள், வேலைக்குப் போகிறவர்கள். தினமும் போகிற அதே சனம்.

நடுக்கடலில் வேறொரு படகு வந்து மறித்தது. வந்தவர்கள் குமுதினிக்குள் ஏறினார்கள். பயணிகளைக் கீழே இறக்கிவிட்டு, ஒவ்வொருவராக அழைத்து வெட்டியும் குத்தியும் கொன்றார்கள். இறந்தவர்களில் கைக்குழந்தையும் உண்டு. செத்தவர்கள்போல் கிடந்து உயிர் தப்பியவர்கள் சிலர். வந்தவர்கள் கடற்படையினர் என்று தப்பியவர்கள் சொன்னார்கள். சர்வதேச மன்னிப்புச் சபை அந்த வாக்குமூலங்களைப் பதிவு செய்து, குறைந்தது 23 பேர் கொல்லப்பட்டதாகச் சொன்னது. ஊர் நினைவுகூரும் எண்ணிக்கை அதைவிடக் கூடுதல். நாற்பது வருடம் போய்விட்டது. ஒருவரும் தண்டிக்கப்படவில்லை.

பெரியம்மா வீட்டு வாசலில் அன்று ஆட்கள் கூடிக்கூடிப் பேசியது நினைவிருக்கிறது. பெயர்கள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. எங்கள் ஊரில் எல்லாரும் எல்லாருக்கும் ஏதோ ஒரு முறையில் சொந்தம். ஒவ்வொரு பெயர் வரும்போதும் அந்தக் கூட்டத்தில் ஒருவர் உட்கார்ந்துவிடுவார். பெரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டே நின்றா. அம்மம்மாவும் அன்றைக்கு வருவதாக இருந்தது. வரவில்லை என்று இரவுதான் தெரிந்தது. அவவின் ஆட்டுக்கு ஏதோ சுகமில்லை.

மாவிலித்துறையில் இன்று நினைவுத்தூபி நிற்கிறது. ஒவ்வொரு மே 15-ஆம் தேதியும் விளக்கேற்றுகிறார்கள், கடலில் பூப்போடுகிறார்கள்.

மறுபடியும் அதே படகு

குமுதினியின் கதையை வெளியூரில் சொல்லும்போது இந்த இடத்தில்தான் கேட்பவர்கள் திகைத்துப்போவார்கள். அந்தப் படகை என்ன செய்தார்கள்? கழுவினார்கள். திருத்தினார்கள். மறுபடி ஓட்டினார்கள். தாயைப் பறிகொடுத்த பிள்ளை தாய் விழுந்த பலகைக்குமேல் உட்கார்ந்து பள்ளிக்கூடம் போனான். வேறு படகு இல்லை.

உலகத்தில் வேறெங்கும் இப்படி நடந்திருந்தால் அந்தப் படகைக் கரையில் ஏற்றி அருங்காட்சியகமாக வைத்திருப்பார்கள். நினைவைக் கரையில் ஏற்றிவைக்க வசதி வேண்டும். நெடுந்தீவுக்கு அந்த வசதி இருக்கவில்லை. துக்கத்தையும் அரிசி மூட்டையையும் ஒரே படகில் ஏற்றித்தான் ஊர் இத்தனை வருடம் கடல் கடந்தது.

அம்மம்மா அதற்குப் பிறகு ஒருநாளும் கீழ்த்தட்டுக்கு இறங்கவில்லை. மழையென்றாலும் சோளகமென்றாலும் படகின் முன்பக்கத்து அணியத்துக்குப் பக்கத்தில், கயிற்றுச் சுருளின்மேல், சேலைத் தலைப்பால் முக்காடிட்டு உட்கார்ந்திருப்பா. கேட்டால், “கீழ வெக்கை” என்பா. அதைவிட அதிகமாக ஒன்றும் சொன்னதில்லை. பிறகு கவனித்துப் பார்த்தபோது, அவ வயதொத்த பல பெண்கள் மேலேதான் இருந்தார்கள். படகுக்காரர்களும் அவர்களைக் கீழே இறங்கச் சொல்வதை நிறுத்தியிருந்தார்கள்.

போர் பின்னாளில் தீவுகளையே கிளப்பியது. 1990, 91-இல் தீவகத்தின் பெரும்பகுதி வெறிச்சோடியது. புங்குடுதீவுக் கவிஞர் சு. வில்வரத்தினம் அந்த வெறுமையைத்தான் ‘காற்றுவழிக் கிராமம்’ தொகுப்பில் எழுதினார். நெடுந்தீவிலிருந்து வன்னிக்குப் போனவர்கள், வன்னியிலிருந்து கொழும்புக்கும் கனடாவுக்கும் சுவிஸுக்கும் போனவர்கள் என்று ஊர் சிதறியது. டொரண்டோவில் இருக்கும் என் மாமா தொலைபேசி எடுத்தால் நலம் விசாரிப்பதற்கு முன் கேட்பது ஒன்றுதான்: “படகு ஓடுதோ?” ஓடுகிறது என்றால் ஊர் நலம் என்று எடுத்துக்கொள்வார்.

■ காற்றின் நாட்காட்டி

நெடுந்தீவார் மாதத்தைக் காற்றின் பெயரால் சொல்வார்கள். வைகாசிக்குப் பிறகு தென்மேற்கிலிருந்து அடிப்பது சோளகம். கடல் முரண்டும் காலம். படகு சாய்ந்து சாய்ந்து போகும், ஒரு மணி நேரம் இரண்டாகும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கிலிருந்து வருவது வாடை. மழையும் புயலும் அதன் துணை. வாடைக்குப் படகு நின்றால் நாட்கணக்கில் நிற்கும். மேற்கிலிருந்து வரும் கச்சானுக்கு ஒரு குணம், கிழக்கிலிருந்து வரும் கொண்டலுக்கு ஒரு குணம். இந்தக் கடல் ஆழமில்லாதது. ஆழமில்லாத கடலில் அலை குட்டையாகவும் நெருக்கமாகவும் எழும், படகு ஓர் அலையிலிருந்து நிமிர்வதற்குள் அடுத்தது வந்துவிடும். பெருங்கடல் கண்ட மாலுமிகளுக்கும் இங்கே வயிறு புரட்டுவது அதனால்தான்.

படகு கொடுக்கும் நேரம்

ஒரு மணி நேரக் கடல் மனிதரின் வாழ்க்கையை எப்படி மாற்றிவிடுகிறது என்பது தரையில் வாழ்பவருக்குச் சட்டென்று பிடிபடாது. ஒரு சாதாரண வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். யாழ்ப்பாணத்தில் ஓர் அலுவலகத்தில் ஒரு கையெழுத்து வேண்டும். காலைப் படகு, குறிகட்டுவான் பஸ் என்று பட்டினம் போய்ச் சேரப் பத்து மணியாகிவிடும். பிற்பகல் படகைப் பிடிக்க வேண்டுமானால் நண்பகலே பஸ் ஏற வேண்டும். கையில் இருப்பது இரண்டு மணி நேரம். அந்த அலுவலர் அன்று தேநீருக்கு எழுந்து போயிருந்தால் வந்த காரியம் முடியாது. உறவினர் வீட்டில் இரவு தங்கவேண்டும். உறவினர் இல்லாதவருக்கு லாட்ஜ் செலவு. இரண்டு நாள் கூலி போய்விட்டது, கையெழுத்து இன்னும் விழவில்லை.

நோய் வந்தால் இதைவிடக் கொடுமை. தீவில் வைத்தியசாலை இருக்கிறது. அங்கே முடியாதது எல்லாம் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு. பகலில் நெஞ்சுவலி வந்தவருக்கு ஒரு விதி, இரவில் வந்தவருக்கு இன்னொரு விதி. நள்ளிரவில் அவசரம் என்றால் கடற்படையின் விரைவுப் படகை அழைக்கிறார்கள். அவர்களும் வருகிறார்கள், எத்தனையோ நோயாளிகளைக் கரைசேர்த்திருக்கிறார்கள். 1985-ஐ நெஞ்சில் வைத்துக்கொண்டிருக்கும் ஒரு தாய், நடுச்சாமத்தில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கடற்படைப் படகில் ஏறுவதை நினைத்துப் பாருங்கள். அந்த வீட்டில் அப்போது என்ன பேசிக்கொள்வார்கள் என்று எனக்குத் தெரியும். ஒன்றும் பேசிக்கொள்ள மாட்டார்கள். ஏறுவார்கள்.

கர்ப்பிணிகள் திகதிக்கு முன்பே யாழ்ப்பாணம் போய்த் தங்கிவிடுவது பழக்கம். முதல் பிரசவமென்றால் கட்டாயம். இதனால் நெடுந்தீவார் பலர் பிறந்தது நெடுந்தீவில் இல்லை. பிறப்புச் சான்றிதழில் யாழ்ப்பாணம், உயிரில் நெடுந்தீவு. என்னுடையதும் அப்படித்தான்.

ஆசிரியர்களின் பாடு தனி. யாழ்ப்பாணத்திலிருந்து தினமும் வந்துபோகும் ஆசிரியர் வீட்டில் விளக்கேற்றுவது விடியற்காலை நாலு மணிக்கு. படகு பிந்தினால் முதல் பாடம் இல்லை. பிற்பகல் படகு முந்தினால் கடைசிப் பாடம் இல்லை. கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் நிரந்தர ஆசிரியர் கிடைப்பது பெரும்பாடு. வருகிறவர்களும் மாற்றம் எப்போது என்று காத்திருப்பார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. வருடக்கணக்கில் சோளகத்தில் நனைந்து வந்து எங்களுக்கு எழுத்தறிவித்தவர்கள் அவர்கள். ஆனால் பாடம் இழந்த பிள்ளையும் பட்டினத்துப் பிள்ளையும் ஒரே சோதனைத்தாளைத்தான் எழுதுகிறார்கள். வசதியுள்ள பெற்றோர் ஐந்தாம் வகுப்போடு பிள்ளையை யாழ்ப்பாணத்துக்கு அனுப்பிவிடுகிறார்கள். பிள்ளை போனால் தாய் போவாள். தாய் போனால் வீடு பூட்டப்படும். ஒரு தீவு காலியாகும் விதம் இது. குண்டு விழ வேண்டியதில்லை, படகு ஒழுங்காக ஓடாமல் இருந்தாலே போதும்.

விலைவாசியும் கடலைக் கடக்க வேண்டும். ஒரு சீமெந்துப் பை லொறியிலிருந்து இறங்குதுறைக்கு, இறங்குதுறையிலிருந்து படகுக்கு, படகிலிருந்து மாவிலித்துறைக்கு, அங்கிருந்து லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்துக்கு என்று கைமாறும். ஒவ்வொரு கைக்கும் கூலி. ஒரு வீடு கட்டி முடிக்கப் பட்டினத்தில் ஆகும் செலவோடு கடல் செலவையும் சேர்த்துத்தான் கணக்குப் போடவேண்டும். திரும்பிப் போகும்போது ஆடும் கருவாடும் ஒடியலும் மலிவாகப் போகும். ஏனென்றால் குறிகட்டுவானில் நிற்கும் வியாபாரிக்குத் தெரியும், இந்தச் சனம் பிற்பகல் படகுக்கு முன் விற்றுத்தான் ஆகவேண்டும் என்று. வாங்கும்போது கூடுதல் விலை, விற்கும்போது குறைந்த விலை. தலைமுறை தலைமுறையாக இது தொடர்கிறது.

குமுதினிக்கு வயதாகிவிட்டது. துணைக்கு ‘வடதாரகை’ வந்தது. 2017-இல் வெளிநாட்டு உதவியோடு ‘நெடுந்தாரகை’ வந்தது. புதுப் படகு வந்த நாட்களில் ஊர் திருவிழாபோல இறங்குதுறைக்குப் போய்ப் பார்த்தது. ஆனால் படகு வாங்கிக் கொடுப்பது ஒருநாள் வேலை. டீசல், உதிரிப்பாகம், தகுதியான ஓட்டுநர், அடிப்பாகத்தை வருடந்தோறும் கரையேற்றிப் பழுதுபார்ப்பது எல்லாம் முடிவே இல்லாத வேலை. ரிப்பன் வெட்டிய புகைப்படம் பத்திரிகையில் வரும். பம்பு உடைந்து மூன்று வாரம் நின்ற செய்தி வராது.

■ ஒரு காலத்துக் கடல்வழி

1914-இல் பாம்பன் பாலம் திறந்தபோது சென்னையிலிருந்து கொழும்புக்கு ஒரே டிக்கெட்டில் போகலாம் என்ற நிலை வந்தது. ‘போட் மெயில்’ ரயிலில் தனுஷ்கோடி, அங்கிருந்து நீராவிக் கப்பலில் தலைமன்னார், மறுபடி ரயில். ‘இர்வின்’, ‘கோஷன்’ என்ற கப்பல்களின் பெயர்களைத் தமிழ்நாட்டுப் பெரியவர்கள் சிலர் இன்றும் சொல்வார்கள். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்த பிறகு இராமேசுவரத்திலிருந்து ‘ராமானுஜம்’ கப்பல் ஓடியது. 1980-களின் தொடக்கத்தில் அதுவும் நின்றது. அதற்குப் பிறகு இந்தக் கடலைக் கடந்தவர்களில் பெரும்பாலோர் அகதிகள்.

தற்காலிகம் என்ற பெயரில்

இலங்கைத் தமிழில் ‘பாதை’ என்றால் வழி மட்டுமல்ல. ஆற்றையோ களப்பையோ கடக்கச் சனத்தையும் வாகனத்தையும் ஏற்றிச்செல்லும் மிதவைக்கும் அதுதான் பெயர். ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே அப்படி ஒரு பாதை ஓடுகிறது. ‘பாதை வந்திட்டுதோ?’, ‘பாதை அந்தக் கரையில நிக்குது’ என்றெல்லாம் பேசிக்கொள்வார்கள். வழியே நகர்ந்து நம்மிடம் வருவதுபோன்ற அந்தச் சொல் எனக்கு மிகப் பிடிக்கும்.

ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டால் இப்போது இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. 2021 நவம்பர் 23. திருகோணமலை மாவட்டம் கிண்ணியா, குறிஞ்சாக்கேணி. புதுப் பாலம் கட்டும் வேலை நடந்துகொண்டிருந்தது. அதுவரைக்கும் என்று ஒரு பாதை ஓடியது. காலையில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளோடு அது கவிழ்ந்தது. பிள்ளைகள் உட்படப் பலர் இறந்தார்கள். ‘அதுவரைக்கும்’ என்ற சொல்தான் அவர்களைக் கொன்றது என்று அன்றைக்கு எனக்குத் தோன்றியது, இன்றைக்கும் தோன்றுகிறது. தற்காலிக ஏற்பாட்டுக்கு யாரும் பாதுகாப்பு அங்கி தேடுவதில்லை, எத்தனை பேர் ஏறலாம் என்று எழுதி வைப்பதில்லை.

இப்படித் தற்காலிகம்போலத்தான் எங்கள் படகையும் நடத்துகிறார்கள். ஆனால் பெரிய அரசுகளின் கண் எங்கள் சின்னத் தீவுகள்மேல் விழாமல் இல்லை. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றிலும் சூரிய ஒளி, காற்றாலை கலந்த மின்திட்டம் முதலில் ஒரு சீன நிறுவனத்துக்குப் போனது. இந்தியா கவலை தெரிவித்தது. 2022 மார்ச்சில் இந்திய மானியத்தில் அதைச் செய்வதாக ஒப்பந்தமானது. மின்சாரம் வரட்டும், மிக நல்லது. ஆனால் இரண்டு வல்லரசுகள் போட்டிபோடும் அளவுக்கு முக்கியமான ஒரு தீவில் நோயாளி ஒருவர் விடியும்வரை காத்திருந்துதான் ஆகவேண்டுமா? நம்பத்தகுந்த இரண்டு படகு, அவற்றைத் திருத்த நிரந்தரமான பணம், இரவிலும் ஓடக்கூடிய ஓர் அம்புலன்ஸ் படகு. தீவார் கேட்பது இவ்வளவுதான். வேலணைக்கும் புங்குடுதீவுக்கும் கடலுக்குமேல் தாம்போதி போட்டபோது அந்தச் செலவு வீணென்று யாரும் கணக்குப் பார்க்கவில்லை.

பிற்பகல் படகு

போன முறை ஊருக்குப் போனபோது அம்மம்மாவின் வளவைப் பார்த்துவிட்டு வந்தேன். முருகைக்கல் வேலி அப்படியே நிற்கிறது. வீட்டுக்குக் கூரை இல்லை. முற்றத்தில் ஒரு குதிரைக்குட்டி தாயோடு நிழலுக்கு ஒதுங்கி நின்றது, என்னைக் கண்டு நகரவும் இல்லை.

மாவிலித்துறையில் கூட்டம். சுற்றுலா வந்த பையன்கள் குதிரைப் படங்களைச் செல்போனில் காட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கள் பக்கத்து வளவுப் பெண் ஒருத்தி அடையாளம் கண்டுகொண்டு, “அக்கா, தேசிக்காய் கொண்டுவந்தனீங்களோ?” என்று கேட்டாள். இல்லை என்றதும் தன்னுடையதை இரண்டாகப் பிளந்து ஒரு பாதியைத் தந்தாள். கீழே வாருங்கோ, காற்றடிக்கும் என்றாள். நான் மேலேயே இருந்துகொண்டேன். அணியத்துக்குப் பக்கத்தில் கயிற்றுச் சுருள் இருந்தது.

கடல் அன்று நல்லபடியாகத்தான் இருந்தது. குறிகட்டுவான் இறங்குதுறையில் யாழ்ப்பாண பஸ் இயந்திரத்தை ஓடவிட்டபடி நின்றது. உள்ளே இருந்த நயினாதீவு யாத்திரிகர்கள் பொறுமையிழந்து மணியடித்தார்கள். நடத்துநர் மிதிபலகையில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நின்று எங்கள் படகுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். எக்ஸ்ரே உறையோடு ஒரு கிழவரும் அவரைப் பிடித்துக்கொண்டு ஒரு பெட்டையும் பலகைப்படியில் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

“கொஞ்சம் பொறுங்கோ” என்றார் உள்ளே திரும்பி. “படகுச் சனம் இன்னும் வந்து முடியேல்லை.”